இரண்டாம் ஊசி

பிரசவ வார்டுத் தாய்மார்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ரெண்டாம் ஊசி’. அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன். ஆஸ்பத்திரி லேபில் ஒரே மேசையில் பதினேழு வருடமாக அவளும் நானும் இரத்தம் பார்க்கிறோம். பிறந்த குழந்தையின் முதல் பரிசோதனை எவ்வளவு நன்றாக வந்தாலும், மறுநாள் இன்னொரு முறை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். நர்ஸ் மறந்துவிட்டால் இவளே மாடியேறிப் போய், பிஞ்சுக் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு எடுத்து வருவாள். அந்தத் தாய்மார்கள் விடும் சாபத்தைக் கேட்டால் காது புளித்துப் போகும். இவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டாள்.

முன்பெல்லாம் இவள் இப்படி இல்லை. ரிப்போர்ட் வாங்க வந்து நடுங்கிக்கொண்டு நிற்கும் அப்பாக்களிடம், குழந்தை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, உங்களுக்குத்தான் பரிசோதனை தேவைப்படும்போல என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். நான் சிடுசிடுப்பேன், அவள் சிரிப்பாள். அப்படித்தான் எங்கள் மேசை ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் பார்ப்பது சி.ஆர்.பி. என்கிற ஒரு அளவு. உடம்புக்குள் கிருமி புகுந்துவிட்டால் இரத்தத்தில் அது ஏறும். பத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்போம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. திருடன் வீட்டுக்குள் நுழைந்து அரை நாள் கழித்துக் குரைக்கிற நாய் அது. பிறந்த சில மணி நேரத்தில் எடுத்தால் எண் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் எடுத்தால்தான் உண்மை தெரியும். இதை லேபுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவள் தங்கைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பெண் குழந்தை பிறந்தது. தங்கை ஒன்பது வயது இளையவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். விடிகாலை ஐந்து மணிக்குப் பிரசவம். குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று டாக்டரம்மா பத்து மணிக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். இவள்தான் பார்த்தாள். மூன்று என்று வந்தது. எனக்குக் காட்டினாள், கண்ணில் நீர் திரண்டிருந்தது.

டாக்டரம்மா இன்னும் ஒரு நாள் இருங்கள், நாளைக்கு மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றுதான் சொன்னார். வார்டில் இடமில்லாமல் தங்கையை நடைபாதைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் அழுதுகொண்டே இருந்தாள். டாக்டரை விட்டுவிட்டு நேரே இவளிடம் கேட்டாள்.

“அக்கா, நீதானே பார்த்த. நீ சொல்லு, போலாமா?”

இரத்தம் எடுத்த நேரம் குழாயின்மேல் இவள் கையெழுத்திலேயே இருந்தது. பிறந்து ஐந்தே மணி நேரத்தில் எடுத்த இரத்தம். வேறு யாருடைய குழந்தையாக இருந்தாலும் போகலாம் என்று வாயைத் திறந்திருக்கமாட்டாள். ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. அந்தக் குதிகாலில் இன்னொரு முறை குத்த அவளுக்கு மனசு வரவில்லை.

“நார்மல்தான் பாப்பா. கூட்டிட்டுப் போ” என்றாள்.

எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் மத்தியானம் குழந்தையைத் திரும்பத் தூக்கி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. இரண்டாவது இரத்தத்தை நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை, அவளே பார்த்தாள். தொண்ணூற்று நாலு. மாடிக்கு ஓடி வாயால் சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், அன்று எழுந்திருக்கவே இல்லை. மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

தங்கை திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரமாக வந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்காமல் இவளிடம் ஏன் கேட்டாள்? ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். நானாக இருந்தாலும் என் அக்காவிடம்தான் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு அவளை அந்தப் பட்டப்பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. ஆனால் அதற்குள் இவள் எல்லாக் குழந்தைக்கும் இரண்டாம் முறை குத்தத் தொடங்கி, அந்தப் பெயர் வார்டு முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள் காலையில் மேசைமேல் அவள் போன் அடித்தது. கையுறையில் இரத்தம் இருந்ததால் என்னை எடுக்கச் சொன்னாள். திரையில் ‘பாப்பா’ என்று இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்தருகே பிடித்தேன்.

நேற்று வேறொரு ஆஸ்பத்திரியில் பையன் பிறந்திருக்கிறானாம். மாசமாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பனிக்குடம் முன்னாலேயே உடைந்து கிருமி பயம் இருந்ததால் பிறந்த உடனே இரத்தம் எடுத்தார்களாம், நார்மலாம், வீட்டுக்குப் போகலாம் என்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “போகட்டுமா?” என்று கேட்டாள்.

“போகாதே. இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு. எடுக்கமாட்டேன்னா சண்டை போடு” என்றாள் இவள். அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அடித்தது. அன்றும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நாலுதான் இருக்கு. பால் நல்லாக் குடிக்கிறான்.”

இவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தங்கை, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“இதை அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“சொல்லியிருக்கணும் பாப்பா” என்றாள் இவள்.

இரண்டு பேரும் அழுதார்கள். யாரும் போனை வைக்கவில்லை. நான் அதை அவளருகே மேசையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தேன். மாடியில் ஒரு குழந்தைக்கு அன்று இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். குதிகாலில் குத்தியதும் குழந்தை வீறிட்டது. உனக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அந்தத் தாய் என்னைத் திட்டினாள். நாலு சொட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.