வாசல்வரை மட்டும்

என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர். நான் அதே கட்டடத்தில் விமானக் கம்பெனி கவுண்டரில் இருக்கிறவள். அவருக்குச் சம்பளம் நிலையம் தருகிறது, எனக்குக் கம்பெனி. ஒரே சோற்றுப் பானைக்கு இரண்டு முதலாளி. அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

அந்த இரண்டு முதலாளிகளுக்கும் முட்டிக்கொண்டது. நிலையம் விமானம் இறங்கும் கட்டணத்தை ஏற்றியது. கம்பெனி சாயங்கால விமானத்தை வெட்டியது. பிறகு, மாதக் கடைசியோடு இந்த ஊருக்கே வரமாட்டோம் என்று சொல்லி, மூட்டை ஏற்றும் ஆட்களையும் குறைத்தது. அதற்கு நிலையம் நாற்காலியில் கை வைத்தது. எங்கள் ஆள் விமானத்துக்குப் போகும் கண்ணாடி வாசல்வரைதான் தள்ளுவார், அதற்கு அப்பால் கம்பெனி பாடு என்று உத்தரவு. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதைதான்.

இந்த லட்சணத்தில், அவருடைய அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பெரிய ஆஸ்பத்திரி தலைநகரத்தில் இருந்தது. ரோட்டில் குலுங்கிப் போனால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிடைத்தது கடைசி விமானத்தில் ஒரு சீட்டு.

அன்று அக்காவை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் நின்றார். வெளியே கம்பெனி ஆள் ஒருவர்தான். அவரும் விமானத்துக்கு அடியில் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதவை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற நிலைய மேனேஜர் இவர் காதோடு சொன்னார்:

"தாண்டினா வேலை போயிடும்பா. எனக்கு மேல இருக்கறவங்க ஒத்துக்கமாட்டாங்க."

அக்காவுக்கு அது கேட்கவில்லை.

"என்னடா நின்னுட்டே?"

"ஒண்ணுமில்லக்கா, போலாம்" என்று தள்ளிவிட்டார்.

விஷயம் தெரிந்து நான் கவுண்டரை விட்டு ஓடுவதற்குள், அக்காவை ஏற்றி உட்கார வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். கழுத்து அட்டையை அவரே கழற்றி மேனேஜரிடம் கொடுத்தார். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அக்காகிட்ட மூச்சு விடாதே. நிம்மதியா படுத்திருக்கட்டும்."

மூன்று மாதம் கழித்து நிலையமும் கம்பெனியும் கை குலுக்கிக்கொண்டன. போட்டோவில் எல்லோருக்கும் பல் தெரிந்தது. விமானம் திரும்பியது, என் கவுண்டரும் திரும்பியது. உத்தரவை மீறியவர் என்று இவரை மட்டும் சேர்க்கவில்லை. யாருடைய வீம்புக்கோ இவர் பலி. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அக்கா தேறி, விமானத்தில் ஊர் திரும்பினாள். இன்னும் சில வாரம் நடக்கக்கூடாது. இவர் வெளியே டாக்சிக்காரர்களோடு நின்றிருந்தார். புதிய ஆள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா, அக்கா வர்றேன்னு தெரிஞ்சும் உள்ள வரல?"

"இன்னைக்கு லீவுக்கா."

"நல்லா போட்டே லீவு. நாளைக்கே உங்க மேனேஜருக்குப் போன் போட்டு, என் தம்பி மாதிரி தள்ள ஆள் கிடையாதுன்னு சொல்லப்போறேன் பாரு."

அவர் குனிந்து அக்காவின் பாதத்தை நாற்காலிப் பலகையில் சரியாக எடுத்து வைத்தார்.

"சொல்லுக்கா" என்றார்.