இருபது லட்சம் பேர் பார்த்த விபத்து

முழங்கைகளை மடக்கிக் குனிந்து சைக்கிள் மிதிப்பதால் அணியில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். ஏற்றத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஏழு வருடம் தொழில்முறைப் பந்தயங்களில் ஓட்டியும் இணையத்தில் அவளைப் பின்தொடர்ந்தவர்கள் நாலாயிரம் பேர்தான். "அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க" என்பாள் அக்கா.

எட்டாவது வருடம், ஒரு மலைப் பந்தயத்தின் இறக்கத்தில் சறுக்கித் தடுப்புச்சுவரில் மோதினாள். தோளில் காறை எலும்பு முறிந்தது. எழுந்து, ஒற்றைக் கையால் ஓட்டி முடித்தாள். யாரோ எடுத்த வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். மருத்துவமனையில் அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோது பின்தொடர்பவர்கள் மூன்று லட்சம். 'பயம்னா என்னன்னே தெரியாதவ' என்று எழுதினார்கள்.

எலும்பு கூடியது. ஆனால் இறக்கம் தொடங்கினாலே விரல்கள் தாமாகப் பிரேக்கை இறுக்கின. யாரிடமும் மூச்சு விடவில்லை. மேலாளர் தினம் ஒரு வீடியோ கேட்டார். வீட்டுக் கூடத்தில், நின்ற இடத்திலேயே மிதிப்பதற்கான உருளைகள்மேல் சைக்கிளை நிறுத்தி அவள் மிதிக்க, அக்கா படம் பிடித்தாள். அந்த மூன்று லட்சம் பேரைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டியிருந்தார்கள்.

அவள் பயத்தைக் கண்டுபிடித்தவள் அணியின் மெக்கானிக். பட்டறையில் தேய்ந்த பிரேக் கட்டையை நீட்டினாள்.

"திங்கக்கிழமைதான் புதுசு போட்டேன். இறக்கம் பூரா பிடிச்சுக்கிட்டே வர்றியாடி?"

"மழை பேஞ்சுதுல்ல."

"எனக்குத் தெரியாம எங்க பேஞ்சுது? மேனேஜர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் அதே மலையில். உச்சியை முதல் ஆளாகக் கடந்தாள். "விடாத! எல்லாரும் பாத்துட்டிருக்காங்க!" என்று காதுக்கருவியில் மேலாளர் கத்தினார். முதல் வளைவிலேயே விரல்கள் இறுகின. இரண்டாவதில் பின்னால் டயர்கள் சீறின. மூன்றாவதில் அந்தச் சுவர் தெரிந்தது. சைக்கிள் திணறியது.

"ஏய், என்ன பண்ற? ஓரம் போ!"

கத்திய எதிரணிக்காரியின் தோள் உரசிப் போனது. அவளுக்குப் பின்னால் பெருங்கூட்டம். தான் இன்னொரு முறை பிரேக்கை அழுத்தினால் எத்தனை பேர் விழுவார்கள் என்று நினைத்தாள். கையை உயர்த்திக் காட்டி, ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றினாள். நேரலைக் கேமராக்காரரின் பைக் அருகில் வந்து நின்றது.

"சைக்கிள்ல கோளாறா?"

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயம். ஒரு வருஷமா."

ஐம்பத்திரண்டாவதாக வந்தாள். மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் விலகினார்கள். 'எல்லாம் நடிப்பா?' என்று திட்டினார்கள். அந்த வசவுகளுக்கு நடுவே, மூன்றாவது வளைவில் கத்தியவளிடமிருந்து ஒரு செய்தி: 'எனக்கும்தான். மூணு வருஷமா.' அதைப் படித்துவிட்டு அக்காவின் மடியில் தலைவைத்து அழுதாள்.

அணி அவளை விட்டுவிட்டது. உச்சியிலேயே முடிகிற பந்தயங்களுக்காக ஒரு சின்ன அணி சேர்த்துக்கொண்டது. அவற்றில் இரண்டை வென்றாள். இறக்கத்தை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் நான்கு வளைவுகளைத் தாண்டினாள். ஐந்தாவதில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.