ஆள் மாறி வந்த டாக்டர்

1991இல் ஒரகடம் பக்கம் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் நான்கு. அதில் எங்களுடையது ஒன்று. ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு தொடர் வரும் மாலைகளில் கூடத்தில் பதினைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். தொடர் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் சர்ஜன் அதிகம் பேசமாட்டார். கத்தியை வாங்குமுன் நோயாளியின் நெற்றியில் கை வைப்பார், அவ்வளவுதான். நான் எண்ணிக்கொண்டே வந்த வரையில் முப்பத்தொரு பேரை அறுத்திருந்தார். இறந்தவர் இருவர்.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வலியில் சுருண்டு படுப்பாள், கத்தி மட்டும் வேண்டாம் என்பாள். கடைசியில் ஒப்புக்கொண்டது தாம்பரத்து ஆஸ்பத்திரி சர்ஜனைப் பார்த்த பிறகுதான். டிவி டாக்டரைப் போலவே நிதானமான ஆள் என்றாள். நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின வாரம் தொடரில் சர்ஜன் வீட்டுக்குள் வந்தார். வந்தது வேறு ஆள். உயரம் குறைவு, தாடை அகலம். தொடரில் அவர் மனைவி பையை வாங்கிக்கொண்டு, "ஏன் லேட்டு?" என்றாள். குழந்தை "அப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டது. நர்ஸுகள் வணக்கம் சொன்னார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாக்கா இது, ஆளே மாறிப்பூட்டான். பொண்டாட்டிக்குக் கண்ணு அவிஞ்சா கீது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கூடமே சிரித்தது.

"சம்பளத் தகராறா இருக்கும். வேற நடிகனைப் போட்டுட்டாங்க," என்றேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. சாப்பிடும்போது கேட்டாள்: "பழைய ஆள் எங்கங்க போயிருப்பாரு?"

"வேற வேலைக்கு."

"அவரைப் பத்தி அவங்க யாருமே கேக்கலியே."

குறித்த நாளில் தாம்பரத்தில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். பச்சை உடுப்பில் ஒருவர் வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது. நாங்கள் முன்பு பார்த்தவர் அல்ல. நர்ஸ் ஒதுங்கி நின்று, "டாக்டர் வந்துட்டாரும்மா," என்றாள்.

"பயப்படாதீங்க. போன தடவை சொன்னேனே, தூங்கி எழுந்திருக்கிற மாதிரிதான்," என்றார் அவர்.

அந்த வார்த்தைகளைப் போன தடவை கேட்டது உண்மை. சொன்னது இவர் இல்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்தேன், வார்டு பாயின் முகத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை. நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இவரா அவரு?"

ஆமாம் என்றால் உள்ளே போவாள், இல்லை என்றால் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பொய் வரவில்லை.

"இல்ல. இவர் வேற ஆள்."

சர்ஜன் என்னைப் பார்த்தார். முகமூடியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

அவள் மூச்சை விட்டாள். "உங்களுக்கும் தெரியுதில்ல. அது போதும். வாசல்லயே இருங்க. வெளிய வர்றது யாருன்னு பாருங்க." பிடியை விட்டாள். தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்றரை மணி நேரம் பெஞ்சை விட்டு எழவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட. கதவு திறந்தது. முகமூடியோடு ஒருவர் வந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினார். "நல்லா இருக்காங்க. கல்லைப் பாருங்க."

"முகமூடியைக் கொஞ்சம் எறக்குங்க சார்," என்றேன்.

இறக்கினார். உள்ளே போனவர்தான். அதன் பிறகே குப்பியை வாங்கினேன்.