நடவடிக்கை: கவனிக்கவும்

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிற ஆளுக்குத் தெரு வைத்த பெயர் மருந்துக்காரர். அவர் தூரத்தில் வருவதைக் கண்டாலே பலசரக்குக் கடைக்காரர் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார். குற்றம் செய்யாதவனுக்கும் போலீஸ்காரரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றுமே, அது மாதிரி.

கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான், எலி இந்த நாலும் அவருக்கு அத்துப்படி. சுவரில் விரலால் தட்டி, உள்ளே கரையான் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பியதும், சீருடையை வாசல் சுவரில் அடித்த ஆணியிலேயே கழற்றி மாட்டிவிட்டு, இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பழைய துணியை உடுத்திக்கொண்டுதான் பின்வாசல் கதவைத் திறப்பார். மருந்து வாடை ஒரு துளி கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. போனால் தேரை கோபித்துக்கொள்ளும்.

கொல்லை என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, துணி துவைக்கிற கல், துணி உலர்த்தும் கொடி. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டு இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி பின்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தார். அந்த அறையின் ஜன்னல் சட்டத்தில் வருஷா வருஷம் மண்குளவி கூடு கட்டும். நாலு வருஷமாக மனைவி அதைச் சொல்லிக் குறைபடாத நாள் இல்லை.

"ஊர்ல இருக்கிற பூச்சியெல்லாம் உங்க பேரைக் கேட்டா ஓடுதாம். இங்க என்னடான்னா என் தலைக்கு மேல மண்வீடு கட்டிக் குடித்தனம் பண்ணுது."

"அது மண்குளவி. சும்மா கொட்டாது."

"நீங்க அதுக்கு மாமனா, மச்சானா?"

வெளியில் எமன், வீட்டில் சன்னியாசி என்று மனைவி தன் வாடிக்கைக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இனி அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆய்வுப் படிவம் உண்டு. முகவரி, வகை, எண்ணிக்கை, இருப்பிடம், நடவடிக்கை என்று ஐந்து கட்டம். ஆதியில் கடைசிக் கட்டத்தில் "அழிக்கவும்" என்றுதான் எழுதுவார்கள். ஒருநாள் ஒரு பெரிய வீட்டம்மா சமையலறையில் கரப்பான் என்று கூப்பிட்டுவிட்டு, படிவத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கரப்பான் போக வேண்டும், ஆனால் அழிக்கச் சொல்லித் தன் கையால் கையெழுத்துப் போட முடியாது, அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார். மருந்துக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அழிக்கவும்" என்பதை அடித்துவிட்டு "கவனிக்கவும்" என்று எழுதினார். வீட்டம்மா மலர்ந்து போய்க் கையெழுத்திட்டார். ஒரு மணி நேரத்தில் முந்நூறு கரப்பான் செத்தது.

மேலாளருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போனது. மருந்துக்காரருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. அதிலிருந்து கம்பெனியில் "கவனிச்சாச்சு" என்றால், அந்த இடத்தில் மீசை ஆட்ட ஒரு ஜீவன் பாக்கியில்லை என்று பொருள்.

ஒரு தடவை ஒரு கட்டுப் படிவம் கட்டங்கள் ஒரு விரற்கடை சாய்ந்து அச்சாகி வந்தது. சாய்ந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார், பார்த்தபின் பொறுக்கவில்லை. ஒதுக்கி வீட்டுக்கு எடுத்து வந்தார். சும்மா கிடக்கிற காகிதத்தில் கொல்லைக் கணக்கை எழுதினால் என்ன என்று தோன்றியது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

வெயில் காலத்தில், "அணில், இரண்டு, கொய்யா மரம், பழம் பாதி தின்று பாதி எறிகிறது, கவனிக்கவும்." மழைக்கு முன்னால், "தட்டான், எண்ண முடியவில்லை, கொடிக்கு ஒரு முழம் மேலே, கவனிக்கவும்." முதல் மழை விட்டதும் ஈசல் எழும்பும். பகலெல்லாம் கரையானை ஒழித்துவிட்டு வந்த மனிதர், அதே கரையான் இறக்கை கட்டிக்கொண்டு விளக்கைச் சுற்றுவதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். மழை நின்ற பின் துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து தேரை வரும். "தேரை, ஒன்று, பழைய ஆள்தான், மறுபடி கவனிக்கவும்." பனிக்காலத்தில் சிலந்தி வலையில் நீர் கோத்து நிற்கும், அதற்கு ஒரு படிவம். பனிக்காலத்தில் எழுதிய இன்னொரு படிவத்தை மட்டும் இரண்டாக மடித்துக் கட்டின் நடுவில் செருகி வைத்தார்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். விட்டால் கை அரிக்கும். அதனால் முகவரிக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் சொந்த முகவரியைக் கதவெண்ணோடு எழுதினார். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே வார்த்தை. கம்பெனியில் அதற்கு ஒரு பொருள், கொல்லையில் அகராதிப் பொருள். உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டுவிட்டு, எது எதுவென்று எனக்குத் தெரியும் என்கிற ஜாதி அவர்.

அந்த வருஷம் மழைக்கு நடுவே எலுமிச்சையின் கீழ்க் கிளையில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியது. தைத்த நூலில் பாதி, மனைவியின் மெஷினடியில் விழுந்த பச்சை நூல். "கூலி கேக்காம தைக்குது, என் பிழைப்பைக் கெடுக்க," என்று மனைவி சொன்னாரே தவிர, அன்றிலிருந்து பச்சை நூல் துண்டுகளைப் பெருக்கித் தள்ளாமல் ஜன்னலில் போட்டு வைத்தார். மூன்று குஞ்சு பொரித்தது. மருந்துக்காரர் தினம் ஒரு படிவம் எழுதினார். பறக்க இன்னும் பத்து நாளாவது இருந்தது.

அப்போதுதான் அலமாரிக்கு மேலே கூரை ஒழுகியது. மனைவி அவசரமாக மஞ்சள் காகிதங்களை எல்லாம் அள்ளி, நனையாமல் இருக்கட்டும் என்று அவருடைய வேலைப் பையில் திணித்தார். மறுநாள் சனிக்கிழமை. வாரப் படிவங்களை அலுவலகத்தில் கொடுக்கும் நாள். வழக்கமாக எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறவர் அன்றைக்கு எண்ணவில்லை. முந்தின நாளே எண்ணியிருந்தார். ஒரு தடவை எண்ணியதை மறுபடி எண்ணுவது தன்னையே சந்தேகப்படுவது என்பது அவர் கொள்கை.

புதன்கிழமை காலை மேலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேலாளர் உட்காரச் சொல்வது நல்ல சகுனம் அல்ல.

"இத்தனை வருஷம் அடுத்தவங்க வீட்டையெல்லாம் கவனிச்சீங்க. உங்க வீட்டை யாரு கவனிக்கிறது? கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுப் படிவத்துல எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவ்வளவு தொல்லையை வச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ. இலவசமா செஞ்சு தர்றோம். நெட்டை காலையிலயே கிளம்பிட்டான்."

மருந்துக்காரர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். நெட்டை என்பவன் பதினைந்து வருஷம் அவரோடு சேர்ந்து மருந்து அடித்தவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான், அதுதான் பயம். போன் போட்டார். எடுக்கவில்லை. மருந்துக் கையோடு போனைத் தொடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். மனைவிக்குப் போட்டார். தையல் மெஷின் ஓடும்போது அந்த வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. ஸ்கூட்டரை எடுத்தார். எட்டுக் கிலோமீட்டர் தூரமும், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் வேறு எவனாவது இருக்கிறானா என்று யோசித்துக்கொண்டே போனார். ஒருத்தனும் கிடைக்கவில்லை.

வாசலிலேயே வாடை வந்தது. இருபத்தாறு வருஷம் முகர்ந்த வாடை. அன்றைக்குத்தான் அது குமட்டியது. சீருடையைக் கழற்றாமல் பின்வாசலுக்கு ஓடினார்.

முதுகில் டேங்க்கும் முகத்தில் கவசமுமாக நெட்டை நடுக்கொல்லையில் நின்றான். எலுமிச்சை மரத்தை மறைத்துக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி நின்றார். அவர் கையில் மஞ்சள் காகிதக் கட்டு.

நெட்டை கவசத்தை இறக்கினான். "அண்ணே, குளவி, எறும்பு, துவைக்கிற கல்லு எல்லாம் கவனிச்சாச்சு. அண்ணிதான் மரத்துக்கிட்ட விடமாட்டேங்கிறாங்க."

நடந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நெட்டை வந்ததும் மனைவி சந்தோஷமாகத்தான் உள்ளே விட்டிருக்கிறார். நாலு வருஷம் கழித்துப் புருஷன் காதில் தன் பேச்சு ஏறிவிட்டது என்று நினைத்து, ஜன்னல் குளவிக்கூட்டைத் தானே விரலால் காட்டியிருக்கிறார். அடுத்ததாக நெட்டை "தையல்சிட்டு, மூன்று குஞ்சு" என்று படிக்கவும்தான் அவருக்கு உறைத்தது. படிவங்களைப் பிடுங்கி, மரத்தடியில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

"குருவி நம்ம வேலையில வராதேன்னு நானும் கேட்டேண்ணே," என்றான் நெட்டை. "சீனியர் எழுதியிருந்தா காரணம் இருக்கும், போடான்னுட்டாரு மேனேஜர்."

"டேய், இது அந்தக் கவனிக்கவும் இல்லடா. இது சும்மா... பாக்கிறது."

"அதுல ரெண்டு வகை இருக்குன்னு நீங்க சொல்லவேயில்லையேண்ணே."

மருந்துக்காரர் துவைக்கிற கல்லைப் பார்த்தார். அதன் அடிப்பக்கம் நன்றாக நனைந்திருந்தது. எவ்வளவு அடித்தால் அவ்வளவு நனையும் என்று அவருக்குத் தெரியும். குறை சொல்ல முடியாத வேலை.

நெட்டை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அது கிடக்கட்டும். அண்ணி பேர்லயும் ஒரு படிவம் இருக்கு. என்ன மருந்துன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. நிலுவைன்னு போட்டு வச்சிருக்காங்க."

மனைவி கட்டின் நடுவிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தார்.

"வகை, வீட்டுக்காரி. எண்ணிக்கை, ஒன்று. இருப்பிடம், பின்வாசல் படி வலது ஓரம், தலை உலர்த்தும் நேரம். நடவடிக்கை, பனிக்காலக் காலையில் தூர இருந்து கவனிக்கவும். பேச்சுக் கொடுத்தால் எழுந்து போய்விடும்."

நெட்டை வானத்தில் எதையோ பார்த்தான்.

"எத்தனை வருஷமா நடக்குது இந்தக் கவனிப்பு?"

"படிவம் வந்ததுலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா எழுந்து போயிடுவே."

மனைவி அந்தக் காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மற்றதை அவரிடம் நீட்டினார். மரத்தை விட்டு நகரவில்லை.

நெட்டைக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் திரும்பினால் கேள்வி வரும். மருந்துக்காரர் அவன் நீட்டிய வேலை முடிந்த சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே "வாடிக்கையாளர் கருத்து" என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட முடியுமா? "திருப்தி" என்று எழுதினார்.

தையல்சிட்டுக் குஞ்சுகள் ஐந்தாம் நாள் பறந்தன. அவர் வேலைக்குப் போயிருந்தபோது பறந்ததால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, பார்த்தது மனைவி. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். தேரை அந்த மழையில் வரவில்லை. அடுத்த மழையிலும் வரவில்லை. கல்லைப் புரட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. புரட்டாதவரை அது வேறு கொல்லைக்குக் குடிபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி மருந்துக்கு மூன்று மாத உத்தரவாதம். பதினோராம் நாள் மண்குளவி அதே ஜன்னல் சட்டத்துக்கு ஈர மண்ணோடு வந்து சேர்ந்தது. உத்தரவாதத்துக்குள் பூச்சி திரும்பினால் வாடிக்கையாளர் புகார் எழுத வேண்டும் என்பது விதி. இருபத்தாறு வருஷத்தில் அவர் அடித்த மருந்துக்கோ சொல்லிக் கொடுத்த மருந்துக்கோ ஒரு புகார் வந்ததில்லை. எழுதத் தகுதியுள்ள முதல் ஆள் அவர்தான். எழுதவில்லை.

அதற்குப் பதிலாகச் சாய்ந்த படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தார். முகவரி எழுதினார். மண்குளவி, ஒன்று, ஜன்னல் சட்டம் இடது மூலை என்று எழுதினார். ஐந்தாம் கட்டத்தில் பேனா நின்றது. அந்தப் பழைய வார்த்தையை இனி எழுத முடியாது. "பார்க்கவும்" என்றால் கம்பெனியில் முன்னாய்வு. பார்த்த மறுநாள் மருந்து வரும். "விட்டுவிடவும்" என்றால் வாடிக்கையாளர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார், திரும்பி வந்ததும் மருந்து. உலகத்தில் உள்ள நல்ல வார்த்தையெல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டு விட்டது போலிருந்தது. படிவத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சொறிந்தார்.

"என்ன, கை அரிக்குதா?" என்றார் மனைவி, திரும்பாமல்.

மெஷினை நிறுத்தினார். படிவத்தை இழுத்து, துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக்கட்டியால், சாய்ந்த கட்டத்துக்குள் சாய்வாகவே எழுதி அவர் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

சும்மா இருக்கவும்.

சொன்னது குளவிக்கா தனக்கா என்று மருந்துக்காரருக்குப் புரியவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். மனைவி கழுத்தைச் சாய்த்து ஊசியில் பச்சை நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே குளவி மண்ணை அப்பிக்கொண்டிருந்தது. கேட்டால் எழுந்து போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.