டீச்சரும் பரீட்சை எழுதினார்

போன வாரம் நான் பாஸாகிவிட்டேன்.

முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, இப்படி ஒரு வாக்கியத்தை எழுத நேரும் என்று யார் கண்டார்கள்? அரசாங்க உத்தியோகம் பார்க்கிற வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மலாய் தேர்வு. தேசிய மொழியில் எழுத்து, பேச்சு இரண்டிலும் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும்.

இன்னொன்றையும் இன்றைக்கு ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன வருஷம் இதே தேர்வில் நான் ஃபெயில். ரிசல்ட் வந்த வாரம், பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் கொசுத் தொல்லையைப் பற்றி எழுதியிருந்தேன்... ஞாபகம் இருக்கிறதா? வேறு எதையாவது எழுதியிருந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயம்.

எழுத்தில் தேறினேன். பேச்சில்தான் விழுந்தேன். வேடிக்கையாக இல்லை? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். மீன் வாங்குவது, பஸ் ஏறுவது, அண்டை வீட்டாரோடு சண்டை போட்டு ராசியாவது - எல்லாம் மலாயில்தான். ஆனால் அது சந்தை மலாய். ‘என் வீடு’ என்பதை நாம் எல்லோரும் ‘சாயா பூன்யா ரூமா’ என்போம். பரீட்சைக்கு ‘ரூமா சாயா’ என்று சொல்ல வேண்டும், ‘பூன்யா’ கூடாது. மீன்காரர் இதற்கெல்லாம் மார்க் குறைப்பதில்லை. பரீட்சை அதிகாரி குறைப்பார்.

அக்டோபரில், இரண்டாவது தடவைக்குப் பெயர் கொடுத்தபோது, என் மனைவி சொன்னாள்: “பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க. ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டீங்க.”

சிராங்கூன் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பரீட்சைக் காலம் வந்தால் ஊரில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வரிசை வாசல்வரை நின்றது. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. அதன்மேல் நுழைவுச் சீட்டு, பேனா, பென்சில். ஒரு பையன் ஜியோமெட்ரி பெட்டியையே திறந்து வைத்திருந்தான். எந்தக் கருவியையும் பிள்ளையார் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தான் போலும்.

என் நுழைவுச் சீட்டு மட்டும் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் இருந்தது. யாராவது கேட்டால் மகளுக்காக வந்தேன் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

எனக்கு இரண்டு பேர் முன்னால் ஒரு அம்மாள் நின்றார். கைத்தறிச் சேலை, தடித்த கண்ணாடி, கக்கத்தில் குடை. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கனகம்மா டீச்சர் - என் மகளின் வகுப்பு டீச்சர். தமிழ்ப் பள்ளியில் அவரிடம் படித்த பிள்ளைகள் அந்த வரிசையிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள்.

குருக்கள் தட்டை வாங்கினார். “பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“கனகம்மா. அவிட்டம்.”

“பரீட்சை எழுதற கொழந்தை பேரைச் சொல்லணும்மா.”

“எழுதுறது நான்தான் சாமி. மலாய் பரீட்சை. ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் ஃபெயில். பிள்ளையார்கிட்ட அதையும் சேத்துச் சொல்லிடுங்க.”

பின்னாலிருந்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

“சிரிங்க. மொத தடவ நானும் சிரிச்சேன். ரெண்டாந்தடவ அழுகை வந்துருச்சு.”

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். நான் என் சட்டைப் பையைப் பார்த்தேன்.

டீச்சருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெண் தன் தாயோடு நின்றிருந்தாள். பெயர் மல்லிகா. பதினேழு வயது இருக்கும். அவள் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், ஃபெயிலானத இப்படி எல்லார் முன்னாலயும் சொல்லலாமா?”

தாய் முந்திக்கொண்டார். “இவளும் அப்படித்தான் டீச்சர். ஸ்கூல் கடைசிப் பரீட்ச, சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதுனா, இங்கிலீஷ்ல போயிருச்சு. மறுபடி எழுதப் பணம் கட்டியாச்சு. இப்ப மாட்டவே மாட்டேங்குறா. சீட்டக் கிழிக்கப் போனா, நாந்தான் புடுங்கி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்.”

“எதுல நல்ல மார்க்?” என்று டீச்சர் மல்லிகாவிடம் கேட்டார்.

“மலாய்ல. கிரெடிட்.”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்ப நீ எனக்குச் சொல்லிக்குடு.”

“நானா? நானே ஃபெயில் டீச்சர்.”

“நானுந்தான். இங்க யாரு பாஸு?”

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். மடிப்பைப் பிரித்து என் அர்ச்சனைத் தட்டில் வைத்தேன். “நானும் இந்தக் கணக்குலதான் டீச்சர்” என்றேன்.

“நீங்க செல்வியோட அப்பா இல்ல?” டீச்சர் யோசித்தார். “கொசுவப் பத்தி எழுதினீங்களே... அந்த வாரந்தான் ரிசல்ட்டா?”

டீச்சர்களிடம் எதை மறைக்க முடியும்?

அங்கேயே ஏற்பாடு முடிந்துவிட்டது. மல்லிகா எங்கள் இருவருக்கும் மலாய் சொல்லித் தருவாள். இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவன் என்பதால் அவளுக்கு நான் இங்கிலீஷ் கட்டுரை பார்த்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி, கோயிலின் பக்கவாட்டு மண்டபம். குருக்கள் ஒரு பாய் தந்தார். சம்மதமா என்று மல்லிகாவை யாரும் கேட்கவில்லை. அவள் தாய் மட்டும் முந்தானையில் முடிந்திருந்ததை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

முதல் வாரம் ஒரு சட்டம் போட்டோம். ‘பூன்யா’ என்று யார் சொன்னாலும் பிள்ளையார் முன்னால் போய் ஒரு தோப்புக்கரணம். சட்டம் டீச்சருடையது. அதிகம் மாட்டிக்கொண்டதும் அவரேதான். அன்று பதினான்கு. சாமி கும்பிட வந்தவர்கள், அந்த அம்மாவுக்கு ஏதோ பெரிய வேண்டுதல் போல என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். “போதும் டீச்சர், உட்காருங்கலா” என்று மல்லிகா கெஞ்சினாள். “பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” என்று காதைப் பிடித்துக்கொண்டே பதில் வந்தது.

மல்லிகா கண்டிப்பான வாத்தியார். தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். அக்கம்பக்கத்து மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடியவள். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதில் மூன்று பிழை கண்டுபிடிப்பாள். ஆனால் இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். மொழி தெரியாமல் இல்லை. எழுதியதை யாரோ ஒருவர் திருத்துவார் என்கிற நினைப்பே அவள் கையைக் கட்டிப்போட்டது.

மூன்றாம் வாரம் அவள் வரவில்லை.

நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணி ஆயிற்று. “கூப்பிட வேண்டாம் டீச்சர், வர்றவ வருவா” என்றேன். எனக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றியது. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ் பிடித்துத் தஞ்சோங் பகாருக்கே போய்விட்டார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு மல்லிகாவின் தாய் எனக்குச் சொன்னார். மல்லிகா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். போன வருஷம் கூடப் படித்த ஒரு பெண் நர்ஸ் உடுப்பில் எதிரே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை.

“திரும்பவும் ஃபெயிலானா எல்லாரும் பாப்பாங்க டீச்சர்.”

“பாக்கத்தான் செய்வாங்க,” என்றாராம் டீச்சர். “நான் ஃபெயிலானா என் கிளாஸ்ல நாப்பது பேரு பாப்பாங்க. எனக்குப் பயமில்லன்னு நெனைக்காத. நாப்பத்தி நாலு வயசுலயும் பயந்தான். நீ எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம். ஆனா நீ வரலன்னா என் பாடம் நின்னுரும். அதுக்காகவாவது வா.”

மல்லிகா எழுந்து உட்கார்ந்தாள். தாயிடம் கை நீட்டி, “அந்தச் சீட்டக் குடும்மா” என்றிருக்கிறாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று தாய்க்குப் பயம். டீச்சர் தலையசைத்தார். மல்லிகா அதை வாங்கி, சுருக்கம் போக விரலால் நீவி, பாடப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

கடைசி வாரம் டீச்சர் மூன்று பேர் பெயருக்கும் ஒன்றாக அர்ச்சனை செய்தார். நவம்பரில் மல்லிகா எழுத ஆரம்பித்தாள். ஒரு தாளையும் விடவில்லை. டிசம்பரில் எங்கள் முறை. எழுத்துத் தேர்வு முடிந்து, பேச்சுத் தேர்வுக்கு டீச்சருக்கும் எனக்கும் ஒரே நாள். நான் முதலில் போனேன். ‘பூன்யா’ நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. அடுத்து டீச்சர். கால் மணி நேரம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

வெளியே வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வீட்டுலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறீங்கன்னு கேட்டாரு. தங்கமான மனுசன். அவசரப்படாம சொல்லுங்கன்னாரு. பயத்துல சந்தை மலாய் கடகடன்னு வந்துருச்சு. நான் சொன்னது ஒரு வார்த்த விடாம அவருக்குப் புரிஞ்சுது சார். ஆனா பாஸ் போட முடியாது.”

போன வாரம் செவ்வாய்க்கிழமை கடிதங்கள் வந்தன. நான் பாஸ். டீச்சர் சொன்னது போலவே ஆகிவிட்டது. வியாழக்கிழமை மல்லிகாவின் ரிசல்ட். மூன்றாம் தரத்தில் தேறியிருந்தாள், இங்கிலீஷ் உட்பட. மறுநாள் காலையிலேயே நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியபோது எனக்குக் கால் தயங்கியது. டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? பாஸானவன் சொல்கிற ஆறுதலைப் போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

நான் போனபோது டீச்சர் தேங்காய்த் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார். பக்கத்தில் மல்லிகா. அழுதுகொண்டிருந்தது பாஸானவள்தான்.

“நான் ஒழுங்கா சொல்லிக்குடுக்கல டீச்சர்.”

“நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. படிச்சவதான் சரியில்ல. இதே வார்த்தய நான் எத்தன அப்பா அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். இப்பத்தான் அது எப்படி வலிக்கும்னு தெரியுது.” முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “ஜூன் மாசத்துக்குப் பேர் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம நாலு மணி. நர்ஸானாலும் வரணும்லா.”

“வருவேன்” என்றாள் மல்லிகா.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். “வருத்தமா இல்லையா டீச்சர்?”

“இருக்காதா? செவ்வாக்கெழம பூரா வருத்தந்தான். புதன்கெழம கிளாஸ் இருந்துச்சு. பிள்ளைங்க ரிசல்ட் என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். உங்க செல்வி எந்திரிச்சு, ‘பரவால்ல டீச்சர், இன்னும் நல்லாப் படிங்க’ன்னா.”

அந்த வரிசையில் வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிறார்கள். முதல் வகுப்பில் தேறியவர்களும் இருக்கிறார்கள். இனிமேல் டாக்டராகப் போகிறவர்களும் இருக்கலாம். நான் பார்த்தவரையில், மூன்று தடவை தோற்று, மூன்று தடவையும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுபடி பெயர் கொடுத்துவிட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

குருக்களுக்கே மனசு கேட்கவில்லை. தட்டை வாங்கியபடி, “வேண்டிண்டது பலிக்கலையேம்மா, தேங்காய் எதுக்கு?” என்றார்.

“மூணு பேருக்கு வேண்டினேன் சாமி. ரெண்டு பேர் பாஸ். நூத்துக்கு அறுபத்தாறு. நல்ல மார்க்குதான்.”

வீட்டுக்கு வந்து செல்வியிடம் விசாரித்தேன். கனகம்மா டீச்சரிடம் அறுபத்தாறு வாங்குவது லேசான காரியம் இல்லையாம்.