நாஜியின் இடது கன்னம்

ஏமன் நாட்டுத் தாயிஸ் நகரின் வண்டிப்பேட்டையில், தலைநகர் போகும் வண்டிக்கு "ஸனா! ஸனா!" என்று ஊர்ப்பெயரைக் கூவி ஆள் பிடிக்கும் நாஜிக்கு வாய்தான் பிழைப்பு. அந்த வாயை இருபத்தைந்து வருஷமாக அவன் பராமரித்த அழகே அழகு. மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அந்தி வரை மென்று அடக்கும் கத் என்ற போதை இலை, அதுவும் இடது கன்னத்தில் மட்டும், எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை. வலது கன்னம் என்ன பாவம் செய்ததோ, ஒரு இலை கிடைத்ததில்லை.

முதலில் காதருகே 'டொக்' என்றது. பிறகு வாயைத் திறந்தால் தாடை இடப்பக்கம் கோணிக்கொண்டு போனது. காலையில் நெற்றிப்பொட்டில் வலி, காதுக்குள் குத்தல். காது குத்தினால் காதைத்தானே பார்க்கவேண்டும்? எள்ளெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டான். அடங்கவில்லை. கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கச் செய்தான். பல் போனது, வலி பத்திரமாக இருந்தது.

கடைசியாகப் போன பல் டாக்டரம்மா இல்ஹாம், அவன் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னாள்.

"காது நல்லா இருக்கு. பல்லும் நல்லாத்தான் இருந்திருக்கும். கெட்டது தாடை மூட்டு அண்ணே. நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு, அது நழுவிடுச்சு. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"தூங்குறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும். விடிய விடிய நறநறன்னு, எலி தோத்துப்போயிடும்" என்றாள் கூட வந்த பெண்டாட்டி தகிய்யா.

"இலையை நிறுத்துங்க. இல்லேன்னா தாடை பூட்டிக்கும்" என்றாள் இல்ஹாம்.

நிறுத்துவதாம்! எந்த ஊர் வண்டிக்கு யார் கூவுவது என்று பேட்டைத் தலைவர் ஷாயிஃப் முடிவு செய்வதே எல்லாரும் கூடி இலை மெல்லும் மதியச் சபையில்தான். காலிக் கன்னத்தோடு உட்கார்ந்தவனை அங்கே எவன் மதிப்பான்? ஸனா வண்டிமேல், அதே பேட்டையில் கூவும் மஹ்யூபுக்கு வேறு வெகுநாளாய்க் கண். நாஜி மூளையைக் கசக்கி வைத்தியம் கண்டுபிடித்தான்: கெட்டது இடப்பக்கம், வலப்பக்கம் புத்தம் புதுசு!

நாலாம் நாள் சபையில் ஷாயிஃப் அவனை உற்றுப் பார்த்தார். "என்னடா நாஜி, உருண்டை வீடு மாறியிருக்கு?"

"ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டான் தலைவரே!" என்றான் மஹ்யூப்.

சபை சிரித்தது. பதிலுக்கு நாலு வார்த்தை வைக்க நாஜி வாயைத் திறந்தான். ஒரு விரல் அளவு திறந்தது. அதற்குமேல் நகரவில்லை. பூட்டிக்கொண்டது.

"சரி, ஸனா வண்டியை மஹ்யூபுக்குக் குடுக்கலாமா? நாஜி, உனக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

பேட்டையையே அதிரவைக்கும் நாஜி கையை ஆட்டினான், காலை உதறினான். "ம்ம்! ம்ம்ம்!"

"பெரிய மனசுடா உனக்கு" என்றார் ஷாயிஃப். "மஹ்யூப், நாளையிலேருந்து நீ கூவு."