மூன்று இடத்தில் முட்டை

தங்கை எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வரிக்கு வரி அளவுகோல் வைத்துப் படிப்பது அக்காவின் வழக்கம். அக்கா தையற்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் ஒரு தையல் பிசகினாலும் பிரித்துத் தைப்பவள். தங்கை பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மாலையில், வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் சின்னக் காப்பகங்களுக்காக நிதி கேட்டு எழுதிக் கொடுக்கிறாள். கூலி கிடையாது. ஆறு வருடத்தில் அவள் எழுத்தால் இரண்டு காப்பகங்களுக்கு வெந்நீர்க் குளியலறை வந்தது. ஒன்றுக்குக் கூரையே வந்தது. "என் தங்கச்சி எழுதினா கல்லும் கரையும்" என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்லிவிடுவாள், அவர்கள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

இந்தத் தடவை கேட்டது பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிகள். இருபது பேர் தங்கும் காப்பகம் அது. துணிமணி, மருந்துச் சீட்டு, அடையாள அட்டை எல்லாம் ஆளுக்கொரு மூட்டையில். வைக்கத்தான் இடமில்லை. அங்கிருந்த பெயிண்டருக்கு ஒரு மேஸ்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். மூட்டையோடு சாரம் ஏற முடியுமா? விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? இரண்டு மாதம் பார்ப்பேன், பிறகு வேறு ஆள்தான் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளன்று அக்காவின் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கப் போயிருந்தது. தங்கை தானே ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் நிதி அலுவலக அம்மா போனில் கூப்பிட்டார். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு சந்தேகம்மா. 'ஒவ்வொருவரும் தம் முட்டையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறார்கள்'னு எழுதியிருக்கீங்க. உடையாதா?"

தங்கை அவசரமாகத் தன் நகலைப் புரட்டினாள்.

"அடுத்த பக்கத்துல ஒருத்தர் பத்து வருஷமா அதே முட்டையச் சுமக்கிறாராம்..."

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "அம்மா, அது மூட்டை. ஒரு சுழி விட்டுப்போச்சு. நான் இவ அக்கா பேசறேன்."

"மூணு எடத்துலயுமா விட்டுப்போச்சு?" மறுமுனையில் சிரிப்பு.

"ஒரே கை எழுதினா ஒரே தப்புதானேம்மா வரும்! தப்பு எழுத்துலதான், தேவையில இல்ல. நம்பலேன்னா நேர்ல வந்து பாருங்க."

"அக்கா, நீ சும்மா இரேன்!" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"எழுதுறதுல நீ புலி, பேசறதுல பூனை. தள்ளு."

அந்த அம்மா மறுவாரமே காப்பகத்துக்கு வந்தார். பார்வையாளர் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடப் பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். அவர் மூட்டையை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கோணலாகப் போட்டார்.

"கொஞ்சம் கீழ வச்சுட்டுப் போடுங்களேன்."

"வச்சுப் பழக்கமில்லீங்க. போன தடவ கீழ வச்சுட்டு செருப்பு கட்டக் குனிஞ்சேன், அடையாள அட்டையோட மூட்டையே போச்சு. புது அட்டை வாங்க எட்டு மாசம்."

 அந்த அம்மா குறிப்பேட்டில் வெகுநேரம் எழுதினார்.

மேஸ்திரி சொன்ன கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில் அலமாரிகள் வந்து இறங்கின. மறுநாள் காலை பெயிண்டர் மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் வந்தார்.

"என்னண்ணே, மேஸ்திரி காத்திட்டிருப்பாரே!" என்றாள் தங்கை.

"கை ரெண்டும் காலியா இருக்கும்மா. என்னமோ மாதிரி இருக்கு."

"அதுல பிரஷ்ஷப் புடிங்க," என்றாள் அக்கா. "கெளம்புங்க!"